ஓடுவோருக்கு மின் தூண்டல் கருவி: வாங்குமுன் அறிய வேண்டியவை

கடந்த நவம்பர் மாதத்தில் நம் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், கடன் அட்டையில் வாங்கவிருக்கும் ஒரு பொருளின் விலையை மாதத் தவணைகளாக மாற்றிக்கொள்ள இயலுமா என்று வினவினார். பொருள் யாதெனக் கேட்டோம். தசைகளுக்கு மின் தூண்டல் அளிக்கும் கருவி என்றார். ஐம்பது வயதை நெருங்கும் அவர், ஜனவரி மாத அரை மாரத்தான் ஓட்டம் ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தார். பணி நெருக்கடியால் இரண்டு மாதப் பயிற்சி தவறிவிட்டது. "இருபது நிமிடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஓடிய பயன் கிடைக்கும் என்கிறார்களே, உண்மைதானா?" என்பது அவர் கேட்ட அடுத்த கேள்வி.

தவணைக் கணக்கை உடனே சொல்ல முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு விடை தேடித்தான் இக்கட்டுரை எழுந்தது. மும்பை மாரத்தான் 2004லும், தில்லி அரை மாரத்தான் 2005லும், பெங்களூரு பத்து கிலோமீட்டர் ஓட்டம் 2008லும் தொடங்கிய பின், நடுத்தர வயதில் ஓடத் தொடங்கியோர் நம் நகரங்களில் பெருகியுள்ளனர். அவர்களை நோக்கியே இக்கருவிகளின் விளம்பரங்களும் வருகின்றன. தேவையான பயிற்சி இல்லாத உடலுடன், கருவியை நம்பி 21 கிலோமீட்டர் ஓடத் துணிவது, பணத்தைவிடப் பெரிய இழப்பில் முடியக்கூடும்.

கருவி செய்வது என்ன?

நாம் காலை அசைக்க எண்ணும்போது, மூளையிலிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடம் வழியாக நரம்புகளை அடைந்து, தசையைச் சுருங்கச் செய்கிறது. மின் தூண்டல் கருவி இப்பாதையின் முற்பகுதியைத் தவிர்த்துவிடுகிறது. தோலின் மேல் ஒட்டப்படும் பட்டைகள் வழியாகச் சிறு மின் துடிப்புகள் செல்கின்றன. அவை தசைக்குச் செல்லும் நரம்புக் கிளைகளைத் தூண்ட, தசை தானாகச் சுருங்குகிறது. நொடிக்குச் சில துடிப்புகள் மட்டும் சென்றால் தசை துள்ளும். ஐம்பது அளவில் சென்றால் இறுகிப் பிடிக்கும்.

இத்தத்துவம் புதிதன்று. இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த லூயிஜி கால்வானி, மின்சாரம் பட்டால் இறந்த தவளையின் கால் துடிப்பதைக் குறித்து 1791இல் நூல் வெளியிட்டார். விளையாட்டுத் துறையில் இதற்குப் பெயர் பெற்றுத் தந்தவர், 1970களில் சோவியத் நாட்டில் ஆய்வு செய்த யாகோவ் கோட்ஸ். பத்து நொடி தூண்டல், ஐம்பது நொடி ஓய்வு எனப் பத்து முறை செய்வது அவரது முறை. அதனால் வீரர்களின் தசை வலிமை வெகுவாக உயர்ந்ததாக அவர் கூறினார். பிற நாடுகளில் சோதித்தவர்களுக்கு வலிமை கூடியதே தவிர, அவர் கூறிய அளவுக்கு உயர்வு பொதுவாகக் கிட்டவில்லை.

ஓட்டத்திற்கு ஈடாகுமா?

ஆகாது. இதற்கான காரணங்களை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, நெடுந்தூர ஓட்டம் இதயத்தையும் நுரையீரலையும் பழக்குவது. வாரக்கணக்கில் ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பக் கற்கிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. நாற்காலியில் அமர்ந்து தொடையில் பட்டை ஒட்டிக்கொள்பவருக்கு இப்பழக்கம் போதிய அளவில் கிட்டுவதில்லை.

இரண்டாவது, நாமாக இயங்கும்போது, எளிதில் களைக்காத சிறு தசையிழைத் தொகுதிகள் முதலில் வேலையை ஏற்கின்றன. தேவைக்கேற்ப மற்றவை சேர்ந்து, பளுவைப் பகிர்ந்துகொள்கின்றன. மின் தூண்டலில் அந்தப் பங்கீடு இல்லை. பட்டைக்கு அருகிலுள்ள அதே இழைகள் ஒருசேர, மீண்டும் மீண்டும் சுருங்குவதால் விரைவில் களைத்துப்போகின்றன.

மூன்றாவது, எலும்பும் தசைநாணும் உறுதி பெறுவது பாதம் தரையில் படும் அதிர்வைத் தாங்கித் தாங்கித்தான். கால் வைக்கும் ஒழுங்கும், வெயிலில் வியர்த்துப் பழகுவதும் ஓடினாலன்றி வாரா. நம் துறையின் மொழியில் சொன்னால், ஓட்டப் பயிற்சியே முதல். முதல் இல்லாத கணக்கில் வட்டி ஏறுவதில்லை.

எங்கே பயன் தரும்?

அதனால் கருவியே வீண் என்பதன்று. முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத் தசை விரைவில் மெலியும். அக்காலத்தில் உடற்பயிற்சியோடு மின் தூண்டலையும் சேர்த்து அளிப்பது தசை வலிமையை மீட்க உதவுகிறது. கடும் நுரையீரல் நோயால் நடக்கவும் இயலாதவர்களுக்கும் இது கைகொடுக்கிறது. காயத்தால் சில வாரங்கள் ஓடக் கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்தால், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் இதனைப் பயன்படுத்தலாம்.

நலமாக ஓடுபவருக்கும் தொடை வலிமை ஓரளவு கூடலாம். ஆனால் அதே பயனை உட்கார்ந்து எழும் பயிற்சியும் படியேறுதலும் செலவின்றித் தருகின்றன. நீண்ட ஓட்டத்திற்குப் பின் மெல்லிய தூண்டல் அளித்தால் வலி குறைந்ததாகப் பலர் உணர்கின்றனர்; எனினும் மெதுவான நடையைவிட அது தசையின் திறனை விரைந்து மீட்கிறது என்பதற்கு உறுதியான சான்று அமையவில்லை. வலி தணிக்கும் 'டென்ஸ்' கருவி தோற்றத்தில் இதைப் போன்றதே, நோக்கம் வேறு. வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

யார் விலக வேண்டும்?

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்ற பெண்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கால் நாளங்களில் இரத்தம் உறைந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோர் மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடலாகாது. மார்பின் குறுக்கேயும், கழுத்தின் முன்புறத்திலும், தலையிலும், புண்ணுள்ள தோலிலும் பட்டைகளை ஒட்டக் கூடாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குத் தோல் சுட்டாலும் தெரியாது. அவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

உடல் முழுவதையும் தூண்டும் உடைகளை முதல் நாளிலேயே உச்ச அளவில் பயன்படுத்திய சிலருக்குத் தசை சிதைந்து சிறுநீரகத்திற்கு ஆபத்து நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. கடும் தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பணம் செலுத்துமுன்

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சாதனங்கள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளன. எனவே, சிகிச்சைக்கென விற்கப்படும் கருவியின் உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்க்கவும். உடற்பயிற்சியின்றியே வயிறு ஒட்டும் என்று மின் தூண்டல் பட்டைகளை விளம்பரப்படுத்திய நிறுவனங்கள் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2002இலேயே வழக்குத் தொடுத்தது. அத்தகைய வாக்குறுதி கண்ணில் பட்டால் ஐயம் கொள்வதே அறிவுடைமை. தவறான விளம்பரத்தால் ஏமாந்தோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லையும் ஆராய்க. பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை என்றும், அது பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைந்து வருகிறது என்றும் ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியுள்ளது. ரொக்கத்திற்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழக்கிறோமா, கட்டணமும் வரியும் எவ்வளவு என்பவற்றைக் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்வதே முறை. இயன்முறை மருத்துவரிடம் சில முறை சென்று பயன்படுத்திப் பார்ப்பது, சொந்தமாக வாங்குவதைவிடச் சிக்கனமாகவும் அமையலாம்.

நம் வாடிக்கையாளர் கருவியை வாங்கவில்லை. ஜனவரி ஓட்டத்தையும் விட்டுக்கொடுத்தார். பதிவுக் கட்டணம் போனது குறித்து அவருக்குச் சிறு வருத்தம் இருந்தது. மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு, வாரம் நான்கு நாள் நடையும் மெல்லோட்டமுமாக மீண்டும் தொடங்கியிருக்கிறார். அண்மையில் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்தபோது, எட்டு கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்ததாகச் சொல்லிச் சென்றார்.