கச்சான் காற்றும் கியர் இல்லாத சைக்கிளும்: அண்ணா மிதிவண்டிப் போட்டிக்குத் தயாராவது எப்படி?

பேரறிஞர் அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்திலும் நடக்கிறது. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவியருக்கு 10 கி.மீ. தூரம். 15 வயது, 17 வயது பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவியருக்கு 15 கி.மீ. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, 2,000. நான்காவது முதல் பத்தாவது வரை வருபவர்களுக்குத் தலா 250 ரூபாய்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி உள்ள சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். கியர் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதாவது, பிளஸ் 1-ல் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி இருந்தாலே களத்தில் இறங்கலாம். பணக்கார சைக்கிள் ஜெயித்துவிடும் என்ற கவலை வேண்டாம்.

கியர் இல்லை என்றால் வேகம் எங்கிருந்து வரும்? பெடலை எத்தனை முறை சுற்றுகிறீர்கள் என்பதிலிருந்துதான். உங்கள் சைக்கிளின் முன்சக்கரப் பல்லையும் பின்சக்கரப் பல்லையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 18 கி.மீ. வேகம், 80 சுற்று என்றால் 24, 90 சுற்று என்றால் 27. இருபது கி.மீ. தூரத்தில் 80-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்கும் மேல்! ஆகவே காலை ஓங்கி மிதித்துப் பழகுவதைவிட, லேசாகவும் சீராகவும் வேகமாகச் சுற்றப் பழகுவதே முதல் பாடம். போனில் ஸ்டாப்வாட்சை வைத்து வீட்டில் ஒருவர் எண்ணிச் சொன்னால் போதும். சீட்டைச் சற்று உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சீட்டை ரொம்பத் தாழ்வாக வைத்து ஓட்டியே முழங்காலை வலிக்க வைத்துக்கொள்கிறார்கள்.

இனி காற்று. சமதளச் சாலையில் சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி தூரமல்ல, காற்றுதான். 24-லிருந்து 27 கி.மீ.க்குப் போக, காற்றைக் கிழிக்க மட்டும் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். அதுவும் செப்டம்பரில் நம் கரையோரம் கச்சான் அடிக்கிற காலம். மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் ராமேசுவரம் பக்கமாகப் போகும்போது பறக்கிற மாதிரி இருக்கும். திரும்பும்போது சைக்கிளே நகராது. பயிற்சியில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: எதிர்க்காற்றில் புறப்பட்டு, பின்காற்றில் வீடு திரும்புங்கள். மண்டபத்துப் பிள்ளைகள் உச்சிப்புளி பக்கமும், ராமநாதபுரத்துப் பிள்ளைகள் கீழக்கரை பக்கமும் முதலில் போனால் சரியாக வரும். காற்றின் திசையை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’ செயலியில் முதல்நாளே பார்த்துவிடலாம்.

பந்தயத்தில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஓட்டினால் காற்றின் சுமை கணிசமாகக் குறையும். பெல்ஜியம், நெதர்லாந்து கடலோரப் பந்தயங்களில் பக்கக்காற்று அடித்தால் வீரர்கள் சாலைக்குக் குறுக்கே சாய்வான வரிசையாக ஓட்டுவார்கள்; ஒவ்வொருவருக்கும் பக்கத்திலிருப்பவர் மறைப்பாகிறார். ஆனால் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தில் உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். நண்பர்கள் இரண்டு மூன்று பேராக, போக்குவரத்து இல்லாத இடத்தில் பழகிய பிறகே பந்தயத்தில் முயலுங்கள்.

எட்டு வாரம் கையில் இருந்தால் நன்று. வாரத்தில் இரண்டு நாள் கடினப் பயிற்சி: 3 நிமிடம் முழு வேகம், 3 நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை. இரண்டு மூன்று நாள் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். ஒரு நாள் பந்தய தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் கட்டாய ஓய்வு. கடைசி வாரத்தில் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். முந்தின நாள் இரவு வழக்கமான சோறு. காலையில் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர். பந்தயத்தன்று புதுச் சாப்பாடோ புதுச் செருப்போ வேண்டவே வேண்டாம்.

உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

பாம்பன் பாலம் பயிற்சிக்கான இடமே அல்ல. பக்கக்காற்றும், ஓரமாக நிறுத்திக் கடல் பார்க்கிறவர்களின் வண்டிகளும் சேர்ந்து ஆபத்து. தனுஷ்கோடி – அரிச்சல்முனை சாலை நேராக இருக்கிறது என்று ஆசைப்பட்டால், நுழைவு நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டுக்கொண்டு பெரியவர் ஒருவரோடு போங்கள். தலைக்கவசம், பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் வேண்டும். போனில் ‘காவல் உதவி’ செயலி இருக்கட்டும். விபத்து என்றால் 108.

கடைசியாக, பெற்றோர் கவனிக்க வேண்டியது. இரண்டு மாதம் பயிற்சி எடுத்த பிள்ளை, காகிதம் சரியில்லை என்று பதிவு மேசையிலேயே திரும்பக்கூடாது. தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று, ஆதார் நகல், பரிசுத் தொகை வரவு வைக்க வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் ஆகியவை கேட்கப்படும். மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா, பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். ஆதாரில் முகவரியை இணையத்தில் மாற்றலாம். பிறந்த தேதிக்கு ஆதார் மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறைதான் மாற்ற முடியும். பிறப்புச் சான்றிதழோடு போங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பிறந்த தேதி வரம்பு அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். அதையும் பந்தய வழியையும் ஆணையத்தின் இணையதளத்திலோ, ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ ஆகஸ்ட் மாதமே விசாரித்துவிடுங்கள்.