பெயர் உதிர்ந்த ஊர்: பெருமாள்முருகன் நாவல்களை முன்வைத்து

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளியானது. அன்று முதல், கொங்குப் பேச்சோடு ஒரு நாவல் வந்தால் 'வட்டார நாவல்' என்று சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிடுவது நம் விமர்சன வழக்கம். மைலாப்பூரில் நடக்கும் கதைக்கு இந்தச் சீட்டை யாரும் ஒட்டுவதில்லை. எது வட்டாரம், எது பொது என்பதைத் தீர்மானிப்பது அதிகாரம்தான்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் 1966இல் பிறந்த பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' (1991). குடியிருப்புக் காலனிக்காகக் காட்டைப் பறிகொடுத்த குடியானவக் குடும்பம் சிதைவதைச் சொல்வது அது. கொங்கில் காடு என்றால் வனமல்ல. மேட்டாங்காடு, வெள்ளாமை நிலம். 'நிழல் முற்றம்' (1993) திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் உலகம். அவருடைய அப்பாவே திரையரங்கில் சோடாக்கடை வைத்திருந்தவர். 'கூளமாதாரி' (2000) பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனின் கதை.

இங்கே பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோவை (நோபல் பரிசு, 2022) நினைத்துக்கொள்ளலாம். அவருடைய பெற்றோர் நார்மண்டியின் இவெத்தோவில் மளிகையும் காப்பிக்கடையும் நடத்தியவர்கள். படித்து வேறு வர்க்கத்துக்கு நகர்ந்துவிட்ட மகள், அப்பாவைப் பற்றி எழுதும்போது அவருடைய சொற்களைச் சாய்வெழுத்தில் தனித்துக் காட்டினார். வர்க்கங்களுக்கு நடுவில் இருக்கும் பிளவு அச்சிலேயே தெரிந்தது. பெருமாள்முருகன் அப்படிப் பிரிப்பதில்லை. கதைசொல்லியின் வாக்கியத்துக்குள்ளேயே ஊர்ச்சொல் புழங்குகிறது. 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைத் தொகுத்தவரும் அவர்தான்.

இனி, பெயர்களைப் பார்ப்போம். 'மாதொருபாகன்' (2010) திருச்செங்கோட்டையும் சாதியையும் பெயர் சொல்லிப் பேசியது. 'பூக்குழி'யில் (2013) சாதிப்பெயரே கிடையாது. சரோஜாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் 'என்ன சாதி?' என்று கேட்டபடியே இருக்கிறார்கள். பிரதி விடை சொல்வதில்லை. பெயரே இல்லாமல் சாதியின் வன்முறை இயங்குவதை அது காட்டிவிடுகிறது. இந்த மௌனம் எழுத்தாளர் தானே தேர்ந்துகொண்டது.

2014 இறுதியில் 'மாதொருபாகன்' எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறுபடி எழுத வந்தவர், மனிதர்களைப் பற்றி எழுத அச்சம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு, 'பூனாச்சி'யில் (2016) வெள்ளாட்டைப் பற்றி எழுதினார். 'கழிமுகம்' (2018) அசுரர் தேசத்தில் நடக்கிறது, நாயகன் குமராசுரர்.

ஊர்ப்பெயர் போனதால் எழுத்து 'உலகப் பொதுமை' அடைந்துவிட்டது என்று மெச்சலாமா? கூடாது. 'பூக்குழி'யின் மௌனமும் 'கழிமுக'த்தின் மௌனமும் ஒன்றல்ல. ஒன்று கலை, மற்றதில் கலையோடு காயமும் இருக்கிறது. அசுரர் தேசத்துப் பொறியியல் கல்லூரி எங்கே இருக்கிறது என்று நாமக்கல்காரர் யாரும் விசாரிக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

'பூக்குழி'யின் ஆங்கில வடிவம் 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. உலகம் வாசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் தன் ஊரைப் பெயர் சொல்லி எழுத முடியாத நிலைக்கு ஒரு நாவலாசிரியனைத் தள்ளியது நம் ஊர்தானுங்களே. அதற்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?