ஒரு வரிசையில் எத்தனை பேர்?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. மகளின் பிரசவத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோ கிளம்பும் அம்மா அப்பாவுக்கு டிக்கெட் பார்க்க உட்கார்ந்தால், வீட்டில் முதலில் எழுவது 'எந்த ஏர்லைன்ஸ் நல்லது?' என்ற கேள்வி. சித்தப்பா ஒன்றைச் சிபாரிசு செய்வார். பக்கத்து வீட்டுக்காரர் அதையே திட்டித் தீர்ப்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரு வேறு ரக விமானங்களில் அவர்கள் போய் வந்திருப்பார்கள்.

எமிரேட்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் ஏர்பஸ் ஏ380 விமானத்தில் எகானமி இருக்கையின் அகலம் ஏறக்குறைய 18 அங்குலம். அதே நிறுவனத்தின் போயிங் 777-ல் ஏறக்குறைய 17. இரண்டிலும் வரிசைக்குப் பத்துப் பேர்தான், ஆனால் 777-ன் உடல் ஒடுக்கமானது. அந்த விமானம் 1990-களில் வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் அதில் ஒன்பது பேரைத்தான் உட்காரவைத்தன. பிறகு பத்தாவது இருக்கையைச் செருகினார்கள். விமானம் அகலவில்லை, இருக்கையும் நடைபாதையும் சுருங்கின. சாப்பாட்டுத் தள்ளுவண்டி போகும்போதெல்லாம் ஓர இருக்கைக்காரரின் முழங்கையில் இடிப்பது இதனால்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ தன் 777-300ஈஆர் விமானங்களில் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டது.

போயிங் 787-க்கும் இதே கதை. எட்டுப் பேர் வரிசையை மனதில் வைத்து வரைந்த விமானத்தில் இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒன்பது பேரை அடைக்கின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேசப் பயணங்களில் எட்டை விடாமல் வைத்திருக்கிறது. ஏர்பஸ் ஏ350-ல் ஒன்பது பேர் உட்கார்ந்தாலும் 18 அங்குலம் கிடைத்துவிடும். ஏ330-ல் இரண்டு-நான்கு-இரண்டு. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் தேடச் சொல்வது இந்த ரகத்தைத்தான். ஜன்னலோரம் இருவருக்கும் சொந்தம். கழிவறைக்குப் போக மூன்றாவது ஆளை எழுப்ப வேண்டாம்.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்கள், மூன்று பேர் இருக்கையின் நடுவில் சிக்கி மதுரைவரை பேருந்தில் போனதில்லை போலிருக்கிறது.

முன்னிருக்கைக்கும் நம் இருக்கைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 31, 32 அங்குலம். நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் ரகத்துக்கு ரகம் காற்றழுத்தம் மாறும். 787, ஏ350 விமானங்களுக்குள் 6,000 அடி உயர மலையில் இருப்பதுபோன்ற அழுத்தம். பழைய ரகங்களில் அது 8,000 அடிவரை போகலாம். மூட்டுவலிக்கு அகலம் முக்கியம், தலைவலிக்கு அழுத்தம் முக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி, பயணத்தை எங்கே முறிப்பது என்பது. துபாய் வழியாகப் போனால் முதலில் நாலு மணி நேரம், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம். ஃபிராங்க்ஃபர்ட் வழி என்றால் ஏறக்குறைய பத்து, பிறகு பதினொன்றரை. மொத்தக் கணக்கு சற்றுக் கூடினாலும், அறுபதைத் தாண்டிய முழங்கால்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும் என்பது என் கட்சி. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அப்படியும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. பயப்பட வேண்டியதில்லை, எழுந்து நடந்தால் போதும். ஐரோப்பிய வழியில் டிரான்சிட் விசா தேவைப்படுமா என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

அபுதாபிக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. 2014 முதல் அங்கே அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். எதிஹாத்தில் போனால் கேள்வி-பதில் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வரலாம். மற்ற பெரும்பாலான வழிகளில் அமெரிக்காவின் முதல் விமான நிலையத்திலேயே கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, அங்கிருந்து வேறு விமானம் பிடிப்பதானால் மறுபடி ஒப்படைக்க வேண்டும். நன்றாக நடக்கக்கூடிய நம் பெற்றோர்கள் சக்கர நாற்காலி கேட்பது காலுக்காக அல்ல, இந்த இடத்தில் மொழிக்குத் துணை வேண்டும் என்பதற்காக.

பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பதை நான் ஒப்ப மாட்டேன். ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். மலிவான 'லைட்' கட்டணத்திலும் ஒரு கண் வேண்டும். செக்-இன் பெட்டிக்குத் தனிக் காசு கேட்பார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் இல்லாமல் எந்த அம்மா கிளம்புவார்?

ஐரோப்பாவிலேயே இறங்கும் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கு. சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போய், நிறுவனத்தின் குறையால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 600 யூரோவரை இழப்பீடு கேட்கலாம். தோஹா வழியாகக் கத்தார் ஏர்வேஸில் போகும்போது அது கிடைக்காது; திரும்பும்போது ஐரோப்பாவிலிருந்து புறப்படுவதால் கிடைக்கும்.

சாப்பாட்டைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த உயரத்தில் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கித் தெரியும். எந்தச் சமையல்காரரும் பாதி தோற்றவர்தான். சைவம் என்றால் ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டை முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். அது இந்திய முறைச் சைவச் சாப்பாடு. பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பாகவே வந்துவிடும். வி.ஜி.எம்.எல். என்று போட்டுவிட்டால் பாலும் தயிரும் இல்லாத சாப்பாடு வரும்.

விமான ரகத்தை எங்கே பார்ப்பது? கூகுள் ஃப்ளைட்ஸில் ஒவ்வொரு பயணத்தின் விவரத்தையும் விரித்தால் ரகமும் கால் இடைவெளியும் தெரியும். ஏரோலோபா தளத்தில் நிறுவன வாரியாக இருக்கை வரைபடம் இருக்கிறது. 'இயக்குபவர்' என்ற வரியையும் படியுங்கள். டிக்கெட்டில் ஒரு பெயரும் விமானத்தில் வேறு பெயரும் இருப்பது சகஜம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். விமானத்தை மாற்றியிருந்தால், ஆசையாகப் பிடித்துவைத்த இரண்டு பேர் வரிசை, சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேர் வரிசையாகியிருக்கும்.