எல்லோருக்கும் ஒரே போனஸா? திருக்கோவிலூர் மன்னருக்குக் கபிலர் சொன்ன அட்வைஸ்!

தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே போனஸ். ஆனாலும், அதிகம் உழைத்தவரின் முகம் வாடுகிறதே, ஏன்? எம்.பி.ஏ-வில் 'நிறுவன நடத்தையியல்' அலசும் கேள்வி இது. தன் உழைப்பையும் ஊதியத்தையும் சக ஊழியருடையதோடு ஒப்பிட்டே ஒருவர் நியாயத்தை அளக்கிறார் என்று 1963-ல் விளக்கினார் அமெரிக்க உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ்.

சங்க காலத்தில், தென்பெண்ணைக் கரையிலுள்ள நம் திருக்கோவிலூரை ஆண்டவர் மலையமான் திருமுடிக்காரி. அள்ளிக் கொடுக்கும் வள்ளல். அவரிடமே கபிலர், கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அறிவதுதான் கடினம், அதனால் புலவர்களை ஒரே மாதிரி பார்ப்பதை விடுங்கள் என்கிறார் (புறநானூறு 121). பரிசு தருபவரிடமே இதைச் சொல்ல என்ன துணிச்சல்!

மேனேஜர்களே, போனஸ் பட்டியல் போடும்முன் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இந்த வருடம் செய்த வேலையை இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா? அவரிடம் நேரில் பேசிவிட்டுத் தொகையைப் போடுங்கள்.