சுரங்கத் தரையை முட்டும் தண்ணீர்

பூமிக்குள் கடல்களுக்கு ஈடான தண்ணீர் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி நம் தபாலிலும் வந்து குவிந்துவிட்டது. நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "சுரங்கத்தில் இரவு பகலாக இறைப்பது அந்த நீர்தானே? தீரவே தீராதுதானே?" மாலைக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நீர் இல்லை. தீராத நீரும் இல்லை.

அந்தச் செய்தியின் வேர் இதுதான்: பிரேசிலின் ஜூயினாவில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத் துணுக்கு சிக்கியிருந்ததை 2014-ல் அறிவித்தார்கள். அதன் எடையில் ஏறக்குறைய 1.5 சதவீதம் நீர். சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகும் கல் அது. அங்கே அலையும் இல்லை, ஈரமும் இல்லை. நீரின் அணுக்கள் கல்லின் படிகத்தோடு பிணைந்து கிடக்கின்றன. மனிதன் இதுவரை துளைத்த மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீட்டர் சொச்சம்தான்.

நெய்வேலித் தண்ணீர் இருப்பது நிலக்கரிப் படிவத்துக்கு நேர் கீழே, மணற்கல்லில். மேற்கே செம்மண் மேட்டில் பெய்யும் மழை அந்த மணற்கல்லில் இறங்கி, கடலை நோக்கிச் சரிகிறது. மேலே களிமண்ணும் நிலக்கரியும் மூடிபோல அழுத்துவதால் நீர் வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தோண்டிய கிணற்றில் தண்ணீரோடு கறுப்புப் பொருளும் பொங்கி வந்தது என்பதுதான் இந்த ஊரின் பிறப்புக் கதையே.

அந்த முட்டல் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 60 முதல் 80 டன். மேலிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் மிஞ்சுவது நிலக்கரி மட்டும். 20 மீட்டர் நிலக்கரியின் எடை சதுர மீட்டருக்கு 25 டன் அளவுதான் வரும். தரை எப்படி நிற்கும்? வெடித்துக்கொண்டு தண்ணீரும் மணலும் பீறிடும். அதனால்தான் குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள், நிற்காமல் ஓடும் பம்புகள். குடிக்கவோ பாய்ச்சவோ வேண்டும் என்பதற்காக அந்த இறைப்பு தொடங்கவில்லை; அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தொடங்கியது. தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதன் பலத்தை மட்டும் கழற்றிவிடும் இந்தத் தந்திரம் 1960-களிலிருந்து பலித்துவருகிறது. பொறியாளர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

இனிதான் வில்லங்கம். திறந்த கிணற்றில் இறைத்தால் சுற்றுவட்டத்து மண்தான் முதலில் வற்றும். மூடிக்கு அடியில் அடைபட்ட நீர் சைக்கிள் டியூப் மாதிரி: எங்கே முள் குத்தினாலும் முழு டியூபும் தளரும். சுரங்கத்தில் இறக்கிய அழுத்தம் வேலியோடு நிற்காது. பல கிலோமீட்டர் தள்ளி, நிலக்கரியையே பார்த்திராத ஊரின் போரிலும் மட்டம் இறங்கும்.

இறைத்த நீர் அனல் மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப் குழாய்க்கும் போகிறது. மீதி பரவனாறு வழியாக வாலாஜா, பெருமாள் ஏரிகளுக்கு. அதிகாரிகள் வாயில் இதற்குப் பெயர் 'உபரி நீர்'. உபரி என்றால் தேவைக்கு மிஞ்சியது என்றே நான் படித்திருக்கிறேன். இங்கே அது 'சுரங்கத்துக்கு இடைஞ்சலானது' என்று பொருள்படுகிறது. அந்த ஏரிப் பாசனத்து விவசாயிக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் போர் வற்றியவரும் ஏரித் தண்ணீர் பெற்றவரும் ஒரே ஆள் இல்லையே.

மீதிக் கேள்விகள்:

அந்த ரிங்வுடைட் கல்லின் நீர் கசிந்து ஏறி ஈடுகட்டாதா? கட்டாது, மழைதான் ஈடு.

பம்பை நிறுத்தினால் மட்டம் ஏறுமா? ஏறும்; சுரங்கம் முழுகும்.

கடல்நீர் உள்ளே வருமா? கடலோரத்தில் நன்னீரின் அழுத்தம் தளர்ந்தால் வரலாம்.

சுற்றுக் கிராமத்தார் ஒரு தபால் அட்டை போடுங்கள்: போர் போட்ட ஆண்டு, அன்று தண்ணீர் கிடைத்த அடி, இன்று மோட்டார் தொங்கும் அடி.