கூடைப்பந்து சோறு போடுமா?

(இரண்டாம் ஆண்டு சிவில் பிரிவு மாணவி)



"பந்தைத் தூக்கிக் கூடையில போட்டா யாரும்மா காசு தருவாங்க?" இது எங்கப்பா கேட்ட கேள்வி. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். ஆலை ஓடுகிற மாதங்களில்தான் எங்கள் வீட்டில் பணம் புழங்கும். காலேஜ் வாசலை மிதித்தது வீட்டில் நான்தான் முதல். படிச்சோமா, வேலைக்குப் போனோமா என்று இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிராக்டிஸ் முடித்துவிட்டு இருட்டினபிறகு பஸ் இறங்கினால் தினமும் ஒரு பஞ்சாயத்து. அவருக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. கூடைப்பந்து பிறந்ததே அங்கேதான். 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக் கூடையை 10 அடி உயரத்தில் மாட்டி ஆடவிட்டார். இன்றைக்கும் வளையம் அதே 10 அடிதான். அங்கே கல்லூரி டீம்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வாசல். ஆனால் வாசல் ரொம்பக் குறுகல். என்.பி.ஏ. என்கிற பெரிய லீக் வருஷத்துக்கு ஒருமுறை ஆள் எடுக்கும். 30 அணிகள், இரண்டு சுற்று, கூடிப்போனால் 60 பேர். கல்லூரிகளோ நூற்றுக்கணக்கில். மீதிப் பேர் என்ன ஆவார்கள்? பந்தை விட மனசில்லாதவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு துருக்கி, ஸ்பெயின், சீனா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று போய்விடுகிறார்கள். அங்கே ஒரு அணியில் இத்தனை வெளிநாட்டார்தான் என்று கணக்கு உண்டு. ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு, அதாவது சில மாதங்களுக்கு. முழங்கால் போனால் ஒப்பந்தமும் போச்சு. நம்ம ஊரில் சீசனுக்கு ஆள் பிடிப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். விமானத்தில் போகிறார்கள், அவ்வளவு வித்தியாசம்.

சரி, நம்ம நாட்டில் அப்படிப் போனவர் உண்டா? உண்டு, அதுவும் ஒரு பெண். கீது அன்னா ஜோஸ். 1985-ல் பிறந்தவர், கோட்டயம் பக்கம். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்து, அங்கிருந்து சென்னை வந்து தெற்கு ரயில்வே அணியில் ஆடியவர். உயரம் 6 அடி 2 அங்குலம். 2006-லிருந்து 2008 வரை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக 'பிக் வி' லீக்கில் ஆடினார். அந்த நாட்டில் லீக் ஆடப் போன முதல் இந்தியப் பெண் என்று பேர் வாங்கினார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிக் வி என்பது அந்த நாட்டின் உச்ச லீக் இல்லை, விக்டோரியா மாநிலத்துக்குள் நடக்கும் லீக். உச்சத்துக்குக் கீழே உள்ள படி. ஆனால் அந்தப் படியில் கால் வைக்க அதுவரை இங்கேயிருந்து யாரும் போகவில்லையே!

2011 ஏப்ரலில் அவருக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று அணிகள் அவரை வரவழைத்து ஆடவைத்துப் பார்த்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது அதுதான் முதல்தடவை. முடிவில் ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டேன். அப்போது அந்த லீக்கில் 12 அணிகள், அணிக்கு 11 பேர். மொத்தம் 132 இடம், உலகம் முழுவதற்கும்! நம்ம தாலுகாவில் வி.ஏ.ஓ. பரீட்சை எழுதினவர்கள் இதைவிட அதிகம் இருப்பார்கள். இன்னொன்று உயரம். இங்கே 6 அடி 2 அங்குலம் என்றால் கூடைக்கு அடியில் நின்றே பந்தை அள்ளலாம். அங்கே அந்த உயரம் சாதாரணம். கூடைக்கு அடியில் நிற்பவர்கள் அதற்கும் மேலே. அந்த உயரத்தில் உள்ளவர் வெளியே வந்து தூரத்திலிருந்தும் எறியத் தெரிந்திருக்க வேண்டும். தோற்றுவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து இந்தியாவுக்காக ஆடினார். 2012-ல் சீனாவின் ஹாய்யாங்கில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டில், மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். 2014-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

ஆண்களில் பஞ்சாப் விவசாயி மகன் சத்னாம் சிங், 2015-ல் டல்லாஸ் அணியால் 52-வது ஆளாகத் தேர்வானார். இந்தியாவில் பிறந்தவர்களில் அவரே முதல். ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆஸ்திரேலியா, அமெரிக்கா எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் பொண்ணு ரயில்வே வேலையை உட்டுட்டா போச்சு?"

நல்ல கேள்வி! விஷயமே அதில்தான் இருக்கிறது. நம்ம விழுப்புரம் ஜங்ஷனைத் தாண்டி எத்தனை ரயில் போகிறது, அந்த ரயில்வேதான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. சான்றிதழ் பார்ப்பார்கள், ஆடச் சொல்லிப் பார்ப்பார்கள். எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம். வெளிநாட்டு சீசன் முடிந்து வந்தாலும் கீதுவுக்கு நிற்க ஒரு இடம் இருந்தது. பத்மஸ்ரீ (2021) வாங்கிய அனிதா பால்துரையும் அதே தெற்கு ரயில்வேக்காரர்தான். கம்பருக்குச் சோறு போட்டவர் நம்ம திருவெண்ணெய்நல்லூர் சடையப்ப வள்ளல் என்று பெருமை பேசுகிறோமே, பந்து ஆடுகிற பெண்களுக்கு ரயில்வேதான் சடையப்பர்.

ஆனால் அதற்கு மாநில அளவிலாவது ஆடியிருக்க வேண்டும். நாங்கள் ஆடுவது மண் தரை. ஆட்டக்களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்பது விதி. சர்வே பிராக்டிகலில் டேப் பிடித்து அளந்தோம். நீளத்தில் 2 மீட்டர் குறைகிறது. வளையமும் ஒன்றுதான். எதிர்ப்பக்கக் கம்பம் சாய்ந்து இரண்டு வருஷமாச்சு. அரைக் களத்தில் மூன்றுக்கு மூன்று ஆடுகிறோம். ஹாய்யாங்கில் தங்கம் வாங்கியதும் அரைக் களத்து ஆட்டத்தில்தானே என்று எங்கள் கேப்டன் சமாதானம் சொல்வாள்.

"இல்லப்பா, வேலையில இருந்துக்கிட்டேதான் போயிட்டு வந்தாங்க" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அருவாளைச் சாணை பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "டிப்ளமாவுல அரியர் வைக்காத. சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வேணும்னா போ. அந்தக் கிழிஞ்ச ஷூவ எடுத்தா, தெச்சிக் கொண்டாறேன்" என்றார்.