பத்துக்கு இருபது என்றால் எந்தப் பத்து?

"பத்துக்கு இருபது கார் ஷெட்டா? போட்டுடலாம் சார்." போர்ட் பிளேரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். பத்து அடி அகலம், இருபது அடி நீளம் என்று பொருள். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 3-க்கு 6. பெரியவர்கள் உடனே விலைக்குத் தாவிவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பத்து, அண்ணா?"

கிண்டலாகக் கேட்கச் சொல்லவில்லை. கூரைத் தகரத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பத்து அடியா, தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள காலி இடம் பத்து அடியா? கூரையின் அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழைத் தண்ணீர் தூணில் வழியாமல் இருக்க, தகரம் இருபுறமும் 15 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் 30 செ.மீ. போயிற்று. தூணாக நிற்கும் இரும்புக் குழாய் பக்கத்துக்கு 10 செ.மீ. என்றால் இன்னொரு 20 செ.மீ. போயிற்று. கார் நுழையக் கிடைப்பது இரண்டரை மீட்டர்தான்.

இப்போது ஒரு பொலீரோவை உள்ளே விடுங்கள். அதன் அகலம் 1,745 மி.மீ. நட்டநடுவே நிறுத்தினாலும் பக்கத்துக்கு 38 செ.மீ. கூட மிஞ்சாது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கம்பெனிக்காரர்கள் அச்சிடும் அகலத்தில் பெரும்பாலும் இரண்டு காதுகளும், அதாவது பக்கக் கண்ணாடிகள், சேராது. உங்கள் பள்ளி அடிக்கோலை வைத்து 38 செ.மீ. அளந்து, அந்த இடைவெளியில் தாத்தா கதவைத் திறந்து இறங்குவாரா என்று யோசித்துப் பாருங்கள். தூணுக்குத் தூண் உள்ளளவே 3 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 63 செ.மீ. வரும். தாத்தா முனகிக்கொண்டாவது இறங்கிவிடுவார்.

நீளத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. நம் தெருவில் ஓடும் கார்களில் பல 4 மீட்டருக்குச் சற்றே குறைவாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொலீரோவின் நீளம் 3,995 மி.மீ. வேறு சில கார்களின் நீளமும் சரியாக அதேதான். இதற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்குள் அடங்கும், சிறிய என்ஜின் கொண்ட கார்களுக்கு 2006-இல் மத்திய அரசு வரியைக் குறைத்தது. அதன் பிறகு பல கம்பெனிகள் மூக்கையும் வாலையும் சீவி 4 மீட்டருக்கு 5 மி.மீ. குறைவாக நிறுத்திக்கொண்டன. ஆகவே 6 மீட்டர் ஷெட்டில் முன்னும் பின்னும் தாராளமாக நடக்கலாம். இன்னோவா கிரிஸ்டா போன்ற 4,735 மி.மீ. வண்டி என்றாலும் ஒரு மீட்டருக்கு மேல் மிஞ்சும்.

உயரம்தான் நம்மை ஏமாற்றும். அங்கேயும் 'எந்த உயரம்?' என்று கேட்க வேண்டும். கூரைக்கு வாட்டம் இருக்கும். பத்துக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்தால் 3 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் 30 செ.மீ. தாழ்ந்துவிடும். உயரமான பக்கம் 2.4 மீட்டர் என்றால் தாழ்ந்த பக்கம் 2.1 மீட்டர். காரின் பின்கதவு மேலே தூக்குகிற வகையா? அதை முழுதாகத் திறந்துவிட்டு, தரையிலிருந்து அதன் நுனிவரை அளந்து பாருங்கள். காரின் உயரத்தைவிட அதிகமாக இருக்கும்.

"அப்படியானால் உயரமாகவே போட்டுவிடலாமே?" என்று தோன்றும். அந்தமான் மழை அதற்குச் சம்மதிக்காது. இங்கே ஓர் ஆண்டில் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இந்த மழை நேராகவும் விழாது. 2 மி.மீ. அளவுள்ள ஒரு துளி விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் கீழே விழுகிறது. அதே வேகத்தில் பக்கவாட்டில் காற்று வீசினால், அதாவது மணிக்கு வெறும் 23 கி.மீ. காற்று, துளி 45 பாகைச் சாய்வில் வரும். 45 பாகையில் சாய்ந்து வரும் துளி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு பக்கவாட்டிலும் நகரும். கூரையின் ஓரம் 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், சாரல் 2.4 மீட்டர் உள்ளே வரும். 3 மீட்டர் அகலத்தில் நனையாத தரை 60 செ.மீ. மட்டுமே. கூரையை 3 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அதுவும் கிடையாது. கூரை போட்டும் கார் குளித்துக்கொண்டே நிற்கும்.

கூரையை மிகவும் தாழ்த்தினாலும் சிக்கல்தான். வெயிலில் காய்ந்த தகரம் தன் வெப்பத்தைக் கீழ்நோக்கி வீசும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, வீடிழந்த மக்களுக்காக நிக்கோபார் தீவுகளில் அவசரமாகத் தகரத் தங்குமிடங்கள் எழுப்பப்பட்டன. பகலில் உள்ளே இருக்கவே முடியவில்லை என்பதுதான் அங்கிருந்தவர்களின் பெரிய புகார். ஓலையும் புல்லும் வேய்ந்த குளிர்ச்சியான குடில்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

சாரலுக்கு ஒரு பக்கம் சுவர் எழுப்பிவிடலாம் என்பது அடுத்த யோசனை. இங்கேதான் காற்று என்கிற பெரிய கணக்கு வருகிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் தகர ஷெட் வாங்குகிறவர்கள் கேட்பது "எவ்வளவு பனி தாங்கும்?" என்று. கூரையில் பனி குவிந்தால் அதன் எடை கீழ்நோக்கி அழுத்தும். நமக்குப் பனி இல்லை. நம் கவலை தலைகீழானது: கூரை மேலே போய்விடக் கூடாது. மழைநாளில் காற்றுக்கு எதிரே குடை பிடித்தவர்களுக்கு இது தெரியும். குடைக்குள் நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லை. துணியை மேலே தள்ளுகிறது. குடைக்கு மேலே விரைந்து ஓடும் காற்றும் தன் பங்குக்கு இழுக்கிறது. ஷெட்டின் ஒரு பக்கத்தில் சுவர் வைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விட்டால் அந்தக் குடையைத்தான் கட்டியிருக்கிறீர்கள். காற்று உள்ளே நுழையும், சுவரில் முட்டும், கூரையைத் தூக்கும். நான்கு பக்கமும் திறந்த ஷெட்டில் காற்று மறுபக்கமாக வெளியே போய்விடும், ஆனால் சாரல் அடிக்கும். இரண்டில் எதைச் சகித்துக்கொள்வது என்று வீட்டுக்கு வீடு முடிவு மாறும். என்னைக் கேட்டால், காருக்குச் சாரல் பட்டால் ஒன்றும் ஆகாது. கூரை பறந்து பக்கத்து வீட்டில் விழுந்தால்தான் ஆபத்து.

எவ்வளவு விசை என்று கணக்கே போட்டுவிடலாம். கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதிகள், போர்ட் பிளேருக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 44 மீட்டரைக் குறித்திருக்கின்றன. சென்னைக்கு அது 50. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய பலத்த வீச்சு இது. மணிக்கு 158 கி.மீ. ஆகிறது. 2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேர் அருகேதான் தீவைக் கடந்து போனது, ஆகவே புயல் நமக்குப் புதிதல்ல.

காற்றின் அழுத்தத்துக்கான சூத்திரம் எளிது: வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்க வேண்டும். 44 × 44 × 0.6 என்றால் சுமார் 1,160. சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன். 118 கிலோ எடைக்குச் சமமான விசை இது. வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் இந்தச் சூத்திரத்திலேயே பார்க்கலாம்.

3-க்கு 6 கூரை 18 சதுர மீட்டர். 118-ஐ 18-ஆல் பெருக்கினால் 2,124 கிலோ! இரண்டு வேகன் ஆர் கார்களின் எடையைவிட அதிகம். அவ்வளவு விசையும் மேல்நோக்கி இழுத்தால் அதைப் பிடித்துவைக்க ஷெட்டில் என்ன இருக்கிறது? அரை மி.மீ. தகரம் முழுவதும் சேர்ந்து 80 கிலோ அளவுதான். இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் சில நூறு கிலோ. ஆக, கூரையைத் தரையில் பிடித்துவைப்பது தூணுக்கு அடியில் புதைந்திருக்கும் கான்கிரீட். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ. உள்ள ஒரு குழியை நிரப்பினால் 518 கிலோ வரும். நான்கு தூணுக்கும் சேர்த்து 2,074 கிலோ. நம் இழுப்பைவிடக் கொஞ்சம் குறைகிறது, பாருங்கள். ஆறு தூண் வைத்தால் 3,110 கிலோ. இப்போது மூச்சு விடலாம். இது முதல் கணக்குதான். என்ஜினீயர் இதில் கூரையின் சாய்வு, சுற்றியுள்ள மரம், மேடு, மண்ணின் பிடிப்பு என்று இன்னும் பல எண்களைச் சேர்ப்பார். இன்னொரு கார் வருமே என்று அகலத்தை 6 மீட்டர் ஆக்கினால் பரப்பு இரட்டிப்பு, இழுப்பும் இரட்டிப்பு. தரையில் மேலாக ஒரு தகட்டை வைத்து நான்கு போல்ட் முடுக்கிவிட்டுப் போகிற ஷெட்டை இந்தத் தீவில் நான் நம்பமாட்டேன்.

லேசான கூரை காற்றில் பலவீனம் என்றால், நிலநடுக்கத்தில் அதுவே பலம். நிலம் ஆடும்போது கட்டடத்தின் மீது வரும் விசை அதன் நிறையைப் பொறுத்தது. 2004-இல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் 9.1 அளவுடையது. அப்படிப்பட்ட ஊரில் தலைக்கு மேலே கான்கிரீட் பலகையைவிடத் தகரம் மேல்.

இவ்வளவு மெல்லிய தகரம் எப்படி வளையாமல் நிற்கிறது? ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வையுங்கள், தொய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து வையுங்கள். மேலே பென்சில் டப்பாவையே வைக்கலாம். லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்த ஹென்றி பால்மர் என்ற பொறியாளர் 1829-இல் நெளிவுத் தகரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் தெருவில் இருக்கும் தகரத்திலும் அதே மடிப்புதான் இருக்கிறது.

நீளம், அகலம், உயரம் ஆயிற்று. அந்தமானில் நான்காவதாக ஓர் அளவும் உண்டு: தகரத்தின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சின் தடிமன். கடற்காற்றில் உப்பு மிதந்து வருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இரும்புக்கு முன்பாகத் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து, இரும்பைக் காப்பாற்றுகிறது. தகரத்தில் 275 என்று எழுதியிருந்தால், ஒரு சதுர மீட்டரின் இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் என்று பொருள். பெரிய எண்போலத் தோன்றும். பக்கத்துக்கு அது ஒரு மி.மீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய கால்வாசி. அந்தக் கால்வாசி தேய்ந்து தீரும்வரைதான் கூரைக்குப் பாதுகாப்பு. 120 என்று எழுதியது மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் தீரும். வெட்டிய ஓரத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு போய்விடுவதால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடித்தார்களா என்று பாருங்கள்.

தகரமும் குழாயும் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகின்றன. சென்னையிலிருந்து சுமார் 1,190 கி.மீ. கடல் வழி. மதுரையில் தகரம் அரை அடி குறைந்தால் மாலைக்குள் மாற்றிவிடலாம். இங்கே அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பெருக்கல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 18 சதுர மீட்டர் கூரையில் 3,000 மி.மீ. விழுந்தால் ஆண்டுக்கு 54,000 லிட்டர். போர்ட் பிளேருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை கோடையில் வற்றும்போது, குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார். அதனால் ஷெட் பேசும்போதே கூரையின் தாழ்ந்த ஓரத்தில் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய் ஒன்றும், அதிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாயும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். கூரையின் தூசியும் உப்பும் அதில் போய்விடும். தொட்டியின் வாயைக் கொசுவலையால் மூட மறக்காதீர்கள்.